முகம் சுளிக்காதவர்

நாத்தனார் வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகப் போய் ஜன்னலைத் திறந்தாள். ‘எப்படி இருக்கீங்க அண்ணி’ என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. கையில் கொண்டுவந்த பையை மேசைமேல் வைத்துவிட்டு அடுத்த ஜன்னலையும் திறந்து, அதை ஒட்டியே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சமையலறை வாசலில் நின்றபடி அண்ணிக்காரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணிக்காரியின் கணவர் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவர் படுத்த மெத்தையைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டாள். சட்டை, கால்சட்டை, முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வெளியேற்றினாள். ஸ்பானர் பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போனது. கடைசியாகச் சுவரெல்லாம் சுரண்டிப் புதிதாக வெள்ளை பெயின்ட் அடித்தாள். இதற்குமேல் ஒரு மனுஷி ஒரு வீட்டை என்னதான் செய்ய முடியும்? ஆளே போய்ச் சேர்ந்துவிட்டார், அவருடைய நாற்றம் மட்டும் கிளம்ப மாட்டேன் என்று சட்டமாக உட்கார்ந்திருக்கிறதே என்று நினைத்தாள்.

“பெயின்ட் வாசனை இன்னும் போகல, இல்ல?” என்று கேட்டாள்.

“ஆமா அண்ணி, பெயின்ட்டுதான்” என்றாள் நாத்தனார், தெருவைப் பார்த்துக்கொண்டே.

பொய் என்று அண்ணிக்காரிக்குத் தெரிந்தது. வாசனையை வைத்து அல்ல. அவளுக்கு வருஷம் பூராவும் சளி. ஒரு பக்க மூக்கு திறந்தால் மறுபக்கம் அடைத்துக்கொள்ளும். காலையில் காய்ந்த பொருக்குகள் விழும். சில நாள் கைக்குட்டையில் ரத்தம். சிலருக்கு வாயுத் தொல்லை, சிலருக்கு ஒற்றைத் தலைவலி, தனக்கு இது என்று அதோடு குடித்தனம் பண்ணப் பழகிவிட்டாள். அதனால் எது மணக்கிறது, எது நாறுகிறது என்பதை அடுத்தவர் மூக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் பார்த்த வேலை அப்படி.

கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணுக்குப் போடுகிற கண்ணாடி. வருகிறவர்களை எதிரே உட்காரவைத்து, பிரேமை முகத்தில் மாட்டி, காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்து, மூக்கில் எந்தப் பக்கம் சரிகிறது என்று கிட்டத்தில் குனிந்து பார்க்க வேண்டும். முகத்துக்கும் முகத்துக்கும் ஒரு சாண்தான் இருக்கும். முகங்களை அந்த அளவு நெருக்கத்தில் பார்ப்பவர்கள் தாயும் காதலரும் பல் டாக்டரும் கண்ணாடிக் கடைக்காரர்களும் மட்டும்தான். ஒருவருடைய மூக்குத் துவாரத்தின் ஓரம் மெல்லச் சுருங்குவதை அவருக்கே தெரிவதற்கு முன் அவள் கண்டுகொள்வாள். அது சுருங்கும்போதெல்லாம் அவளுக்கு முகம் சூடாகும். மனசுக்குள் கணவரைத் திட்டுவாள்.

கணவர் மோட்டார் மெக்கானிக். கிணற்று மோட்டார், மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், பெரிய குடியிருப்புகளில் கழிவுநீரை வெளியே தள்ளும் மோட்டார் எல்லாம் பார்ப்பார். அந்தக் கடைசி வகைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். பல வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்கு உறவுக்காரர்கள் எல்லாரும் ஒரே வேனில் அடைந்துகொண்டு போனார்கள். பாதி வழியில் அவருடைய சித்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, வண்டிக்குள்ளே எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா பாருங்கள் என்றாள். டிரைவர் வண்டியை ஓரம் கட்டி சீட்டுக்கு அடியிலெல்லாம் குனிந்து தேடினார். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் கணவர்தான் காலைத் தூக்கி ஷூவைக் காட்டினார்.

“எலியெல்லாம் இல்ல சித்தி, நான்தான். நேத்து கழிவுத் தொட்டிக்குள்ள இறங்கினேன். ஷூ இன்னும் துக்கம் கொண்டாடுது.”

வேனே சிரித்தது. அவர் எழுந்துபோய் படிக்கட்டில் காற்றுக்கு உட்கார்ந்துகொண்டார். ஊர் போய்ச் சேரும்வரை அவள் சித்தியின் பக்கத்தில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் படிக்கட்டுக்குப் போன பிறகும் சித்தி கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. அவ்வளவு தூரத்துக்கு வீசுகிறதே, இந்த மனுஷனோடு எங்கே போனாலும் மானம் போகிறதே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

அன்றைக்கு ஆரம்பித்தது. அவர் துணிக்குத் தனி வாளி. பிறகு அதுவும் போதாது என்று, சலவைக்கடை வைத்திருந்த நாத்தனாரிடமே அவர் துணிகளை அனுப்பினாள். போர்வையும் தலையணை உறைகளும் அவற்றோடு போயின. வேலைக்குப் போகுமுன் ஒரு குளியல், வந்ததும் ஒரு குளியல். அவர் முணுமுணுக்க மாட்டார். “சோப்பு கம்பெனிக்காரன் நம்ம வீட்ட நம்பித்தான் புள்ளைங்கள படிக்க வைக்கிறான்” என்று சொல்லிக்கொண்டே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போவார். குளித்துவிட்டு வந்து, ஈரக் கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, “மோந்து பாரு, கண்ணாடிக்காரி. ரோஜாத் தோட்டம்” என்பார். அவள் கையைத் தட்டிவிடுவாள்.

ஒருமுறை கோபத்தில் கேட்டுவிட்டாள். “எல்லாரும் மூஞ்சியச் சுளிக்கிறாங்க. உங்களுக்கு மட்டும் ஒண்ணுமே தெரியலையே, அது எப்படிங்க?”

“பழகிடுச்சு” என்றார்.

அது அவளுக்கு நியாயமாகப் பட்டது. தன்மேல் அடிக்கிற நாற்றம் தனக்கு எப்படித் தெரியும்? ஊரில் அத்தனை பேரும் முகம் சுளிக்கிறார்கள், சுளிக்காதவர் அவர் ஒருத்தர்தான், ஆகவே அது அவருடையதுதான் என்று கணக்குப் போட்டு முடித்துவிட்டாள். சுளிக்காத இன்னொரு முகமும் அந்த வீட்டில் இருந்தது. தன் முகத்தை யார்தான் கணக்கில் சேர்க்கிறார்கள்?

கடையில் முதலாளி நல்ல மனிதர். ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, இனிமேல் உள்ளே லென்ஸ் தேய்க்கிற அறையில் உட்காருங்கள், உங்களைப் போல் கைவாகு யாருக்கும் இல்லை என்றார். சொல்லும்போது மேசைமேலிருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னார். அவளுக்குப் புரிந்தது. தினமும் சாயங்காலம் கணவர் வேலை முடிந்து அதே உடையோடு கடைக்குள் வந்து, அவள் கிளம்பும்வரை வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அதன் பலன் இது. அன்றைக்கு வீட்டில் சாப்பாடு ஆன பிறகு, இனிமேல் கடைக்குள் வராதீர்கள் என்றாள். சரி என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து எதிர்ச்சாரியில் நின்றார். நிற்பதற்கு அவர் பிடித்த இடத்தைப் பார்த்து அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நகராட்சிக் குப்பைத் தொட்டியை ஒட்டி. பஸ் நிறுத்தம் அங்கிருந்து இருபதடி தள்ளித்தான், நிழற்கூரையும் பெஞ்சும் இருந்தன. இருந்தும் அவர் தொட்டிக்குப் பக்கத்தில்தான் நிற்பார். அவள் சாலையைக் கடந்து வந்தால் அங்கேயே அவளையும் நிறுத்திக்கொண்டு பஸ் தலை தெரிகிறவரை பேசிக்கொண்டிருப்பார். “நிக்கிறதுக்கு உங்களுக்கு வேற இடமே கிடைக்கலையா?” என்று அவள் கேட்காத நாள் குறைவு. “இங்கதான் காத்து வருது” என்பார்.

ஒரு மத்தியானம், யார் வீட்டு மொட்டை மாடியிலோ மோட்டார் மூடியைக் கழற்றியபடியே சரிந்துவிட்டார். நெஞ்சுவலி. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது சொந்தக்காரர்கள் கூடம் நிறைய இருந்தார்கள். அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கட்டிப்பிடித்து அழ வந்த பெண்கள் ஒவ்வொருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு, சீக்கிரம் விலகிப் போவதை அந்த அழுகைக்கு நடுவிலும் அவள் பார்த்தாள். கடைசி நாளிலும் இப்படியா என்று நெஞ்சு பதறியது. குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஆண்களிடம் எழுந்துபோய், “இன்னொரு தடவ சோப்பு போட்டுத் தேய்ங்க” என்றாள். தேய்த்தார்கள். “கழுத்துக்கிட்ட, கைக்கடியில” என்றாள். அதையும் செய்தார்கள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு சென்ட் பாட்டிலைக் கொண்டுவந்து அவர் மார்பிலும் தலைமுடியிலும் கவிழ்த்தாள். நாத்தனார் பக்கத்தில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனை இழந்தவளின் பார்வை என்றுதான் அன்று அதை எடுத்துக்கொண்டாள்.

நாத்தனார் வந்து ஜன்னலைத் திறந்த அந்த நாளுக்குப் பிறகு வந்த வாரத்தில், லென்ஸ் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. எப்போதும் வருவதைப் போல் கோடாக இல்லை. தேய்த்து முடித்த லென்ஸின் குழிவில் வட்டமாக விழுந்து நின்றது. தற்செயலாக உள்ளே வந்த முதலாளி அதைப் பார்த்தார். அறை வாசலிலேயே நின்றுகொண்டு, காது மூக்கு தொண்டை பார்க்கிற டாக்டரம்மா ஒருவரைத் தனக்குத் தெரியும், இன்றைக்கே போங்கள் என்றார். போய்விட்டு, திரும்ப வந்து, “ரொம்ப நாள் முன்னாடியே சொல்லியிருக்கணும்மா” என்றார். எதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. ரத்தத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மாவுக்கு அவள் வயதுதான் இருக்கும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவள் மூக்கைத் திறந்து பார்த்தார். பிறகு சன்னமான குழாய் கேமராவை உள்ளே விட்டார். எதிர்த் திரையில் சிவப்பும் சாம்பலுமாக ஏதோ குகை தெரிந்தது. பாறைபோல் மேடுகள், அவற்றின்மேல் பச்சை படர்ந்த பொருக்குகள். டாக்டரம்மா ஒரு இடுக்கியால் பொருக்கு ஒன்றைப் பிய்த்தெடுத்துத் தட்டில் வைத்ததும், உதவிக்கு நின்றிருந்த நர்ஸ் தன் முகக்கவசத்தின்மேல் இன்னொரு முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, சுவரோரம் போய் மின்விசிறியை ஏற்றினாள்.

அவளுக்கு அந்த நர்ஸின் கண்கள் போதுமாக இருந்தன. உடம்பு குறுகிப்போயிற்று.

“மன்னிச்சுக்கங்க டாக்டர்” என்றாள். “என் வீட்டுக்காரர் கழிவுநீர் மோட்டார் வேலை பார்த்தவர். அவர் போயே நாலு மாசம் ஆச்சு. துவைச்சுத் துவைச்சுப் பார்க்கறேன், துணியில ஒட்டினது போகவே மாட்டேங்குது.”

டாக்டரம்மா இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். மூக்கு எப்போதிலிருந்து அகலமாக ஆரம்பித்தது என்று மட்டும் கேட்டார்.

“அகலமாகலையே டாக்டர். எப்பவும் இப்படித்தான்.”

“அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் கழட்டிக் கொடுங்க.”

கழற்றி நீட்டும்போதே அவள் கண்ணில் பட்டுவிட்டது. பிரேமின் நடுவில் மூக்கின் இரண்டு பக்கமும் உட்காரும் சின்ன ரப்பர் வில்லைகள். அவற்றைத் தாங்கும் கம்பிகள் இரண்டும் வெளிப்பக்கமாக மல்லாந்து கிடந்தன. வருஷத்துக்கு இரண்டு தடவை அவளேதான் கடையில் குறடை வைத்து வளைத்துக்கொண்டாள். பிரேம் சுருங்கிவிட்டது, மட்டமான கம்பி என்று அலுத்துக்கொண்டே வளைத்தாள். கம்பி எங்கேயாவது தானாகச் சுருங்குமா? ஊரார் மூக்கையெல்லாம் அளந்தவள் தன் மூக்கு வளர்வதைக் கம்பிமேல் பழி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உள்ளேயிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முதல் பதிலில் நாள்பட்ட புண் என்பதற்குமேல் ஒன்றும் இல்லை. டாக்டரம்மாவுக்கு அது ஒப்பவில்லை. காசநோயா என்று பார்த்தார்கள், பூஞ்சையா என்று பார்த்தார்கள். புற்று என்று யாரும் வாயால் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை அறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. புற்றாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட அவளுக்கு ஒரு கட்டத்தில் தோன்றியது. அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. விசாரிக்க வருகிறவர்கள் பழம் வாங்கிக்கொண்டு வருவார்கள், மூக்கைப் பொத்த மாட்டார்கள். இரண்டாம் தடவை இன்னும் ஆழத்திலிருந்து துணுக்கு எடுத்து, வேறொரு பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

பதில் வந்த அன்று டாக்டரம்மா கதவைச் சாத்தச் சொன்னார். இது புற்று இல்லை என்று முதலில் சொல்லிவிட்டு, ஒரு நீளமான பெயரைச் சொன்னார். ரைனோஸ்க்ளீரோமா. அவள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள், நாக்கு பாதியில் வழுக்கியது. ஒரு பாக்டீரியா. மூக்குக்குள் குடிவந்து, அவசரமே இல்லாமல், வருஷக்கணக்கில் சதையைத் தடிக்க வைக்கும். அந்தக் கிருமியைத் தின்று தீர்க்க வரும் உடம்பின் செல்கள் தின்றதை ஜீரணிக்க முடியாமல் நுரை மாதிரி ஊதிப்போய் நிற்கும். மைக்ராஸ்கோப்பில் அந்த நுரையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். தான் படிக்கிற காலத்தில் கண்ணாடித் துண்டில் ஒரே ஒரு தடவை பார்த்ததோடு சரி, நோயாளியாகப் பார்ப்பது இதுதான் முதல் என்றார். மாதக்கணக்கில் மாத்திரை, தினமும் உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவ வேண்டும், கிருமி போகும், தழும்பு நிற்கும்.

பிறகு அவள் கண்ணை மூடச் சொல்லி, மூக்குக்குக் கீழே எதையோ பிடித்தார். என்ன வாசனை என்று கேட்டார்.

“காலி டப்பா” என்றாள்.

கண்ணைத் திறந்தபோது டப்பாவில் கழுத்துவரை காப்பிப் பொடி இருந்தது. தினமும் காலையில் காப்பி போடும்போது மணக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, அது என்ன? ஞாபகமா?

“இவ்வளவு வருஷம் வீட்ல யாருமே சொல்லலையாம்மா?” டாக்டரம்மாவின் குரல் இறங்கியிருந்தது. “இந்த நாத்தம் இருக்கறவங்களுக்குத் தெரியாது. கூட இருக்கறவங்களுக்குத் தெரியாம இருக்காது.”

அவள் டப்பாவை மூடி மேசைமேல் தள்ளிவைத்தாள்.

“நோயையும் வச்சுக் கேக்கறேன். ரொம்ப நாள் நெருங்கி இருந்தா மத்தவங்களுக்கும் வரலாம். உங்க வீட்டுக்காரருக்கு மூக்கு எப்படி இருந்துச்சு? வாசனை தெரிஞ்சுதா?”

மோட்டாருக்கு முன்னால் அவர் குந்தி உட்காருவது கண்ணுக்குள் வந்தது. எந்த மோட்டார் என்றாலும் முதலில் கருவியை எடுக்க மாட்டார். மூடியின் சந்தில் மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுப்பார். உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பி கருகியிருந்தால் அந்த மெல்லிய தீய்ந்த வாடை அவருக்கு மட்டும் தெரியும். “போயிடுச்சு, சுத்தணும்” என்று எழுந்துகொள்வார். பிரித்துப் பார்த்தால் கருகித்தான் இருக்கும். மீட்டர் வைத்திருக்கிறவர்கள்கூட அவரைக் கூப்பிட்டு மூக்கு வைக்கச் சொல்வார்கள்.

“நல்லா தெரியும் டாக்டர்” என்றாள்.

அந்த மூக்கோடுதான் அவர் அத்தனை வருஷம் அவள் தலையணைக்குப் பக்கத்தில் படுத்திருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து சலவைக்கடைவரை நடந்தே போனாள். பஸ்ஸில் ஏற மனசு வரவில்லை. வழியெல்லாம் எதிரே வருகிறவர்கள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். முகங்களைப் படிக்கத் தெரிந்ததுதான் பெருமை என்றிருந்தவளுக்கு இப்போது ஒரு முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. வேன், கல்யாண வீடுகள், முதலாளியின் காலண்டர், தன் மூச்சுக்கு எதிரே மூச்சை அடக்கிக்கொண்டு பிரேம் தேர்ந்தெடுத்த அத்தனை வாடிக்கையாளர்கள். ஒவ்வொன்றாக நின்று திரும்பிப் பார்த்தன. நடுத்தெருவில் யாரோ முந்தானையை உருவிவிட்டதைப் போலிருந்தது. இன்றைக்கு இல்லை, என்றைக்கோ உருவியாயிற்று, அவள்தான் இத்தனை காலம் தெரியாமல் நிமிர்ந்து நடந்திருக்கிறாள்.

நாத்தனார் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வாசல்படியோடு நின்றுகொண்டு, பெயர் வாயில் வராமல் நோயைப் பற்றிச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

“உனக்குத் தெரியுமா?”

நாத்தனார் சட்டையின் கைப்பகுதியை மடித்து, தேய்த்து, திருப்பிப் போட்டாள்.

“தெரியும் அண்ணி.”

“எப்படி?”

“நீங்கதான அனுப்புவீங்க, மூட்டை கட்டி. அண்ணன் சட்டையில கிரீஸ் வாடைதான் இருக்கும். உங்க தலையணை உறையத்தான் நான் தனியா ஊறப்போடுவேன்.”

இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஆவி எழுந்தது. நாத்தனார் அதற்குப் பிறகு நிறுத்தாமல் பேசினாள். எத்தனையோ வருஷம் மூடி வைத்திருந்தது எல்லாம் வந்தது. வேனில் நடந்த அன்றே அண்ணனைப் பிடித்துக் கேட்டாளாம். அவர் தங்கையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாராம். உன் அண்ணி வேலையே முகத்துக்கு நேரே நின்று பார்க்கிற வேலை, தெரிந்தால் அப்புறம் யார் முன்னாலும் நிற்க மாட்டாள், வீட்டுக்குள் அடைந்துவிடுவாள், நான் சாக்கடையில் இறங்குகிறவன்தானே, என்மேல் ஒரு கூடை அதிகமாகக் கொட்டினால் என்ன என்றாராம். ஒருமுறை அவரே ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார். தன் மூக்கு நாறுகிறது என்று சொல்லி, மனைவிக்கு இருக்கிற சளி, பொருக்கு, ரத்தம் எல்லாவற்றையும் தனக்கு இருப்பதாக ஒப்பித்திருக்கிறார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உங்கள் மூக்கு பளிங்கு மாதிரி இருக்கிறது, மனசில்தான் ஏதோ பிரச்சினை என்று சொல்லி, சும்மா ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தாராம்.

அந்தச் சொட்டு மருந்து அவளுக்கு ஞாபகம் இருந்தது. சளிக்கு நல்லதாம், கூட வேலை பார்க்கிறவன் சொன்னான் என்று கொண்டுவந்து நீட்டினார். அவள் இரண்டு நாள் விட்டுவிட்டு ஜன்னல் திட்டில் வைத்தது வெயிலில் காய்ந்து போயிற்று. டாக்டரிடம் போகலாமா என்று அவர் கேட்டபோதெல்லாம், முதலில் நீங்கள் போய்க் குளியுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே” என்றாள்.

“சொல்லியிருக்கணும். அப்பவே வைத்தியம் பார்த்திருக்கலாம். நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், கேக்கல. நல்லவன்தான் எங்கண்ணன். ஆனா கோழை.” நாத்தனார் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “அன்னிக்கு, அவன குளிப்பாட்டும்போது, இன்னொரு தடவ சோப்பு போடுங்கன்னீங்களே. அப்ப எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு அண்ணி. சொல்லியிருந்தா அசிங்கமா சொல்லியிருப்பேன். அதான் முழுங்கிட்டேன்.”

யாரும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை என்று அவள் நம்பிக்கொண்டிருந்த ஒன்று உண்டென்றால் அது அந்தச் சோப்புதான். கழுத்துக்கிட்ட, கைக்கடியில. சோப்புத் தண்ணீர் காதுக்குள் போகாமல் யாரோ ஒருவர் உள்ளங்கையால் மறைத்தது வரை கண்முன் வந்தது.

நாத்தனார், “உள்ள வந்து உட்காருங்க” என்றாள். அவள் வரவில்லை. இங்கேயே இருக்கிறேன் என்றாள். நாத்தனார் வற்புறுத்தவில்லை. ஒரு முக்காலியை எடுத்துவந்து வாசல்படிக்கு வெளியே போட்டுவிட்டு, திரும்பிப் போய் அடுத்த சட்டையை எடுத்தாள்.

மாத்திரை ஆரம்பித்து மூன்றாவது வாரம் மறுபடி கடைக்குப் போனாள். முகக்கவசம் போட்டுக்கொண்டு பின்னறையிலேயே உட்கார்ந்தாள். முதலாளி வந்து, உடம்பு தேறட்டும், முன்பக்க நாற்காலி உங்களுக்காகக் காலியாகத்தான் இருக்கிறது என்றார். இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பார்க்கக் கூடாதா, காலண்டரையே பார்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு. மேசை இழுப்பறையின் ஒரு மூலையில் கணவரின் வாசிப்புக் கண்ணாடி கிடந்தது. ஆணி கழன்றிருக்கிறது என்று அவர் கொடுத்தனுப்பி, நாளை நாளை என்று அவள் தள்ளிப்போட்டது. வீட்டில் அவருடையது என்று ஒரு நூல்கூட மிச்சம் இல்லாமல் துடைத்துப் போட்ட பிறகும் இது எப்படியோ தப்பியிருந்தது. எடுத்து, முகக்கவசத்தை இறக்கி, மூக்கருகே கொண்டுபோனாள். ஒன்றும் இல்லை. காலி டப்பா. ஆணியை முடுக்கி, ஈரத்துணியால் துடைக்கப் போனவள் துடைக்காமல் அப்படியே கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் வெளியே வந்து சாலையைக் கடந்தாள். பஸ் நிறுத்தத்தில் இரண்டு மூன்று பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கால் அந்தப் பக்கம் போகவில்லை. குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், அவர் நிற்கிற இடத்தில் போய் நின்றாள். இத்தனை வருஷத்தில் அங்கே தனியாக நின்றதே இல்லை. இங்கேதான் காற்று வருகிறது என்பாரே, ஒரு இலைகூட அசையவில்லை. எதிரே கடையின் முன்பக்கக் கண்ணாடி வழியாக வரிசையாகப் பிரேம்களும், காலியாகக் கிடந்த அவளுடைய நாற்காலியும் தெரிந்தன.

அலுவலகம் விட்டு வருகிற ஒருவர் பையைத் தோளில் மாட்டியபடி நடைபாதையில் வேகமாக வந்தார். அவளை நெருங்கியபோது அவர் நடை ஒரு கணம் தடுமாறியது. மூக்கின் ஓரம் சுருங்கியது. கை தானாக மேலே போய்ப் பொத்திக்கொண்டது. தலையைத் திருப்பி, வெறுப்போடு, குப்பைத் தொட்டியை ஒரு பார்வை பார்த்தார். அவளைப் பார்க்கவே இல்லை. கடந்து போய்விட்டார்.

அவள் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. இன்னும் ஒரு அடி அதை ஒட்டி நகர்ந்து, தன் இடப்பக்கம் ஒருவர் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நின்றுகொண்டாள். தெருக்கோடியில் பஸ்ஸின் தலை தெரிந்தது.